பொத்தான்கடை ஷட்டர்

மார்ச் 4

இல்லை, யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். படிப்பு முடிந்து ஏழு மாதம். சில நாள் மாலையில்தான் தோன்றும், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று. 'கடைத்தெருவை மீட்போம்' என்ற சுவரொட்டியில் ஓர் எண் இருந்தது. அழைத்தேன். குழுவின் தலைவர் எடுத்தார். "வரையத் தெரியுமா?" தெரியும் என்றேன்.

மார்ச் 9

தெருவில் முப்பத்தொரு கடை. திறப்பவை ஒன்பது. மற்ற கடைக்காரர்கள் புறவழிச்சாலையில் வந்த வணிக வளாகத்துக்குப் போய்விட்டார்கள். ஷட்டர்களில் படம் வரைந்தால் ஆட்கள் வருவார்கள் என்பது தலைவரின் திட்டம். எனக்கு விழுந்தது பொத்தான்கடை: பொத்தான், நூல், ஜிப், லேஸ். கடைக்கார அக்கா தனி ஆள். நான் வரைய மூன்று நாள் கடையை மூடிக்கொள்ளச் சம்மதித்தார்.

என் சட்டையைப் பார்த்தார். "ரெண்டாவது பொத்தான் எங்கே?"

"விழுந்துடுச்சுக்கா." ஊக்கு குத்தியிருந்தேன்.

"பொத்தான்கடைக்கு ஊக்கு குத்திக்கிட்டு வர்றா பாரு."

மார்ச் 14

முடிந்தது. ஒரு பெரிய பறவை, இறகெல்லாம் பொத்தான். மூன்று நாளும் அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் போனது, அவருடைய அக்காள் மகன் திருமணத்துக்குக் கூப்பிடாதது, முட்டிவலி என்று பேசிக்கொண்டே இருந்தார். நானும் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது.

மார்ச் 16

கடை திறந்ததும் பறவை மேலே உருளைக்குள் சுருண்டுபோனது. தலைவருக்குப் பத்திரிகைக்கு அனுப்பப் புகைப்படம் வேண்டும். நான்தான் போய்க் கேட்டேன். "அக்கா, ரெண்டு நிமிஷம் இறக்குங்களேன்."

இறக்கினார்.

மார்ச் 22

பத்திரிகையில் வந்துவிட்டது. தெருவில் கூட்டமாம். வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகள். அலைபேசி ஓயவில்லை. எல்லாம் பறவைக்கு. எனக்கென்று ஒன்றும் இல்லை.

மார்ச் 25

காலை பதினொன்று. ஷட்டர் இறங்கியிருந்தது. ஒரு குடும்பம் இறக்கைக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று தட்டினேன்.

உள்ளிருந்து குரல். "எடுத்தாச்சா?"

ஷட்டரைத் தூக்கினேன். இருட்டில், முக்காலியில், மடியில் நூல்கண்டோடு அக்கா.

"உள்ளேயேவா இருந்தீங்க?"

"வெளியே நின்னா படத்துல விழுவேன்ல. இன்னிக்கு இது எட்டாவது தடவை. கேட்டா இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"யாராவது வாங்கினாங்களா?"

"மூடின கடையில என்னம்மா வாங்குவாங்க?" எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "மாசக் கடைசிக்குள்ள கட்டடக்காரர்கிட்டச் சொல்லணும், இருக்கேனா காலி பண்றேனான்னு. மூடினாத்தான் கூட்டம் வருது. அப்ப மூடிடலாம்னு தோணுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 26

ஏன் அவர் மறுக்கவில்லை? முதலில் கேட்டது யார்?

மார்ச் 27

தலைவரிடம் சொன்னேன். "ஒரு கடைக்காக மொத்தத் தெருவையும் விடச் சொல்றியா?" என்றார். நல்ல மனிதர்தான். மொத்தத் தெருவிலும் அந்த ஒரு கடை வருமா வராதா என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

மார்ச் 28

அக்காவை அலைபேசியில் அழைத்தேன். "பறவையை அழிச்சிடட்டுமா?"

"மூணு நாள் உயிரை விட்டு வரைஞ்சியே."

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கடை விடுமுறை. சாம்பல் நிற பெயிண்ட் ஒரு டப்பா, பூசும் உருளை ஒன்று. முதல் பூச்சுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. படமெடுக்க வந்த ஒரு ஜோடி, "ஐயோ, இங்கே ஒரு பறவை இருந்துச்சே?" என்றது. ஆமாம் என்றேன். அலகு மட்டும் இரண்டாம் பூச்சுக்கும் தெரிந்தது. மூன்றாவது அடித்தேன்.

மார்ச் 30

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அலைபேசியில் சத்தமே இல்லை. மின்விசிறிச் சத்தம் மறுபடி கேட்கிறது.

மார்ச் 31

ஒன்பது மணிக்குப் போனேன். ஷட்டர் மேலே இருந்தது. இத்தனை நாளில் இந்தக் கடையில் நான் ஒன்றுமே வாங்கியதில்லை என்பது வாசலில்தான் உறைத்தது.

"கட்டடக்காரர்கிட்ட என்னக்கா சொன்னீங்க?"

"இன்னும் ஆறு மாசம் பாக்கறேன்னேன். வியாபார நேரத்துல கதை பேசாதே. என்ன வேணும்?"

வெள்ளையில், நாலு ஓட்டைப் பொத்தான் ஒன்று கேட்டேன். அக்கா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே தைத்துக்கொண்டேன்.