கொட்டாவி ராட்சசன்: எதிரிக்கு ஒன்று

அன்புச் சில்வண்டுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். நீ நலம் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் அது முழு நலம். போன வாரமே திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய உன் விளையாட்டுக் கருவியை இன்றைக்குத்தான் பெட்டியில் வைக்கிறேன், திட்டாதே. கூரியர்காரர் ஐந்து மணிக்கு வருவார், இப்போது மூன்றரை, மருந்துக்கடையில் ஆள் இல்லை, சிரப் அலமாரிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொள்ளாதே, சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், அவ்வளவுதான். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவாய், இது இரண்டு நிமிடத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை.

முதலிலிருந்து வருகிறேன். உங்கள் கம்பெனி செய்கிற உள்ளங்கை அளவுக் கருவியில் பன்னிரண்டு குட்டி விளையாட்டு, ஒவ்வொன்றும் ஒரு தேவதைக் கதை, அட்டைச் சண்டையில் ஜெயித்தால்தான் கதையில் அடுத்த பக்கம் திரும்பும் என்று நீ சொன்னபோதே எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம்தான் நீ அழுகிற மாதிரிக் குரலில், தமிழ் வரிகள் அட்டையைத் தாண்டி வெளியே ஓடுகின்றன, அடங்காவிட்டால் தமிழையே எடுத்துவிடலாம் என்று உங்கள் குழுத் தலைவர் சொல்கிறார், நாற்பத்தெட்டு அட்டையையும் மூன்று மூன்று வரியில் சுருக்கித் தர முடியுமா என்று கேட்டாய். முடியுமாவா? பதினைந்து வருஷமாக நான் வேறு என்ன செய்கிறேன்? தீப்பெட்டி அகல உறையின் மேல், காய்ச்சலோடு நிற்கிறவர் கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி எழுதுகிறவள் நான். இரண்டே நாளில் எழுதி அனுப்பினேன். கொட்டாவி ராட்சசன்: எதிரிக்கு ஒன்று. இரண்டு சுற்று தூங்குவார். வண்டி ஓட்டக் கூடாது. மூன்று தலை வாத்து: வேளைக்கு மூன்று தீனி. தலை மாறிக் கொடுக்கக் கூடாது. கோபக்காரத் தேவதை: வெறும் வயிற்றில் வேண்டாம். கடிப்பாள். எழுதும்போது எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றவே இல்லை தெரியுமா, கை பழகிய வழியில் போயிற்று. நீ போன் செய்து, "அம்மா, கதை கேட்டா மருந்து கொடுத்திருக்க" என்று சொல்லிச் சிரித்தபோதுதான் படித்துப் பார்த்தேன். நானும் கூடவே சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு முகம் சுருங்கிப்போயிற்று, மறைப்பானேன். பெண் முதல் வேலையில் நம்பிக் கேட்டது, நாலு பேர் நடுவில் அவள் மானத்தை வாங்கிவிட்டோமே என்று அன்றைக்கு ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறையைக் கூட இரண்டு முறை எண்ணிக் கொடுத்தேன்.

அதனால்தான் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். "பனிமலையின் மன்னன், அவன் கொட்டாவியில் உலகே உறங்கும்" என்று ஒரே அலங்காரம். கட்டத்துக்குள்ளும் அடங்கிற்று. நீ "சூப்பர்மா, இதுதான்மா" என்றாய், வரும் செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விளையாடவிட்டுப் பார்க்கப்போகிறோம், அன்றைக்கே தமிழ் இருக்குமா போகுமா என்று தெரிந்துவிடும் என்றாய். கருவியைப் பெட்டியில் கட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று நேற்று மத்தியானம் உன் தங்கையிடம் கொடுத்தேன், கூட அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். நடந்ததைக் கேள். புதிய வரிகளில் முதல் ஒன்றிரண்டைப் படித்ததோடு சரி, அப்புறம் மூன்று பேரும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, பொத்தானைத் தட்டித் தள்ளிவிட்டே போகிறார்கள், நாலு சண்டை, நாலிலும் தோல்வி. ராட்சசனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தோற்கிறாளே என்று நான் பொறுக்காமல், ஏண்டி அவனை இறக்கவில்லை என்று கேட்டேன். அதற்கு உன் தங்கை, "உலகமே தூங்கினா நானும்தானே தூங்குவேன், எனக்கு எதுக்கு அது" என்கிறாள். அந்த வாலு அதோடு நிற்கவில்லை, "அழகாத்தான் எழுதியிருக்க, ஆனா என்ன பண்ணணும்னே சொல்லலியே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. யாருக்கு, எத்தனை, எவ்வளவு நேரத்துக்கு என்று எழுதாமல் ஒரு உறையை நான் என் வாழ்நாளில் யாரிடமும் நீட்டியதில்லை, சொந்த மகளின் விளையாட்டுக்குப் போய் அப்படி நீட்டியிருக்கிறேன்.

உடனே நீ சொல்லிக்கொடுத்தபடி பழைய வரிகளை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். சில்வண்டு, நீ அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்! ஒருத்தி சத்தமாகப் படிக்கிறாள், மற்ற இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரிக்கிறார்கள். பேசும் கண்ணாடிக்கு "பெரியவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று எழுதியிருந்தேனே, அதைக் கேட்டுவிட்டு ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது. ராட்சசன் இறங்கினான், எதிரி இரண்டு சுற்று தூங்கினான், ஆறு கதை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். லிஃப்ட் பழுது பார்த்துவிட்டுக் கை முழுக்கக் கிரீஸோடு வந்த உன் அப்பாவும் நகராமல் நின்று பார்த்தார், கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டவர் அரை மணி நேரம் தரவில்லை, "இந்த வாத்து என்னை மதிக்கவே மாட்டேங்குது" என்று புலம்பல் வேறு. தலை மாறிக் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதே, படிக்க வேண்டியதுதானே என்றேன்.

ஆகையால் கருவிக்குள் இப்போது இருப்பது பழைய நாற்பத்தெட்டுதான். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளிடம் இதைக் கொடு. முதலில் தலைவரிடம் காட்டாதே, முதலில் ஒரு பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல். அவர் முகம் சுளித்தாலும் நீ குரல் இறங்கிப் பேசாதே. இதைச் சொல்கிற நானே, உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நூறு தடவை யோசித்துவிட்டேன். ஆனாலும் அலங்காரத்தோடு போனால் தமிழ் செவ்வாய்க்கிழமை தோற்கும், அதை என் கண்ணால் பார்த்தேன். தோற்பதாக இருந்தால் படித்துவிட்டுத் தோற்கடிக்கட்டும், படிக்காமலே தள்ளிவிட்டுப் போகக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு. திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே, நடுவில் எழுந்து ஜன்னல் பக்கம் நட. தலை ஈரத்தோடு வெளியே கிளம்பாதே. சார்ஜர் பெட்டியின் அடியில் பஞ்சுக்குள் இருக்கிறது, வெறும் பஞ்சு என்று நினைத்து எறிந்துவிடாதே. நல்லபடியாக இரு, எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கூடி வரட்டும், தைரியம் குறையாமல் இருக்கட்டும். கூரியர் வண்டிச் சத்தம் கேட்கிறது, ஒன்றே ஒன்று. கடைசித் திரையில் எழுதியவர் என்ற இடத்தில் "அம்மா" என்று போடப்போவதாகச் சொன்னாயே, அது வேண்டாம். வீட்டுக்குள் நான் உனக்கு அம்மா. அந்த அட்டைகளை எழுதியது மருந்தாளர். அப்படியே போடு.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை வரை தூக்கம் வராத
உன் அம்மா