முப்பதுக்கு இரண்டு குறைவு

பெப்ரவரி 8, ஞாயிறு

இருந்தவர்கள்: நான், இவர், மகன் பிரதாபன், பக்கத்து வீட்டு ராஜினி, ராஜினியின் பிள்ளைகள் இரண்டு பேர். ஆறு பேர். பிரதாபனின் போனை அரிசிப் பேணியோடு சாத்தி வைத்துப் பார்த்தோம். கொழும்பில் நாட்டுப் பெண்கள் அணியின் சிநேகபூர்வ உதைபந்தாட்டம். மகள் ஜெயரூபி மாற்று ஆட்கள் குந்துகிற வாங்கில் இருந்தாள்.

அவள் நிற்கிற பின்வரிசை நடு இடத்தில் குருநாகல் பக்கத்துப் பிள்ளை ஒன்று. பத்தொன்பது வயதாம். முதுகில் பதினேழாம் இலக்கம்.

ராஜினி: “என்னக்கா, ரூபியைக் குந்த வச்சிருக்கினம்? காய்ச்சலோ?”

இவர்: “முப்பத்தொரு வயசு. காய்ச்சலெண்டா மாறியிருக்கும்.”

78ஆம் நிமிடம் இறக்கினார்கள். ஆட்டக் கணக்குக் கொப்பியில் பதிந்தது: ரூபி, 12 நிமிடம். மொத்த ஆட்டம் 28.

பெப்ரவரி 9, திங்கள்

குழாத்தில் இருபத்து மூன்று பேர். இருபத்திரண்டு பேருக்குப் பெயரும் பிறந்த வருடமும் கொப்பியில் இருக்கிறது. ஒன்றுக்கு 17 என்று மட்டும் எழுதினேன். பெயர் எழுத மனம் வரவில்லை.

பெப்ரவரி 20, வெள்ளி

கோயிலால் வந்து கொப்பியை முதலிலிருந்து பார்த்தேன். பன்னிரண்டு வருடம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஓஃப்சைட் எது என்று கண்டுபிடிக்கவே மூன்று வருடம் எடுத்தது. குழாம் எப்படி மாறுகிறது என்றும் யாரும் சொல்லித் தரவில்லை, எழுதி எழுதித் தெரிந்ததுதான்.

ஒருவரையும் போ என்று சொல்வதில்லை. முதலில் தலைவிப் பட்டி வேறு கைக்குப் போகும். பிறகு தொண்ணூறு நிமிடம் அறுபதாகும், அறுபது பன்னிரண்டாகும். பிறகு பெயர் பட்டியலின் அடியில் நிற்கும். பிறகு நிற்காது. ஓடுகிற பிள்ளைகள் முதலில் போவார்கள், இருபத்தாறு இருபத்தேழில். பின்வரிசை முப்பது வரை. கோல் காப்பவள் எல்லாருக்கும் கடைசி.

ஒரேயடியாய் மாற்றினால் என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. ஒரு வருடம் புதிதாய் வந்த பயிற்றுநர் பழைய ஆட்கள் ஏழு பேரை ஒன்றாய் விலக்கினார். அடுத்த நாலு ஆட்டத்தில் வாங்கினது இருபத்தொரு கோல். வேலி அடைக்கிறவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். வேலியில் நட்ட எல்லாக் கதியால் தடியையும் ஒரே நாளில் பிடுங்கக்கூடாது. புதுக் கதியால் வேர் பிடிக்குமட்டும் பழையது பக்கத்தில் சரிஞ்சாவது நிற்கவேணும்.

இப்போதைய பயிற்றுநர் பிழை விடவில்லை. ரூபிதான் அந்தப் பழைய கதியால்.

விளங்குது. விளங்கினாப்போலை மனம் கேக்குமோ?

மார்ச் 6, வெள்ளி

ரூபி வவுனியாவிலிருந்து போன் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி, உடற்கல்வி ரீச்சர் அவள்தானே, மூச்சு விட நேரமில்லையாம்.

“அடுத்த ஆட்டம் எப்ப?” என்றேன்.

“ஜூனிலை ரெண்டு இருக்கெண்டு கதை. ரெண்டுதானேயம்மா மிச்சம்.”

நேர்த்தியை அவள் மறக்கவில்லை என்று சந்தோசமாய் இருந்தது. முதன்முதலாய் அவளின் பெயர் குழாத்தில் வந்த அன்று மஞ்சள் துணியில் காசு முடிந்து கோயில் அம்மாளுக்கு நேர்ந்தனான்: பிள்ளை நாட்டுக்காக முப்பது ஆட்டம் ஆடவேணும், ஆடினால் முப்பது பெண்கள் பாற்செம்பு எடுப்போம் என்று. எங்கட பெண்கள் அணிக்கு வருடத்தில் இரண்டோ மூன்றோ ஆட்டம்தான் கிடைக்கும் என்று அப்போது தெரியாது. தெரியாமல் வைத்த எண்.

மார்ச் 22, ஞாயிறு

பிரதாபன் வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போய் அக்காவையும் பார்த்துவிட்டு வந்தான். சோறு போட்டுக் கொடுத்தேன், சாப்பிடாமல் பிசைந்துகொண்டு இருந்தான்.

“அக்கா படி இறங்கிறதைப் பாத்தனீங்களோ அம்மா? நண்டு மாதிரிச் சரிஞ்சு சரிஞ்சு இறங்கிறா. வலது முழங்கால். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முதலும் ஊசி போடுறாவாம். ரெண்டு வருசமா.”

“அப்ப விடலாமே?”

“போன வருசமே விடத்தான் நிண்டவ. உங்கட முப்பதுக்காகத்தான் இழுக்கிறா. அம்மான்ர நேர்த்தியை முறிச்சிட்டுப் போய் நிண்டா அம்மா என்ன நினைப்பா எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?”

ரெண்டு வருசம். ரெண்டு வருசத்திலை அஞ்சு ஆட்டம். அஞ்சு ஊசி. என்ர கொப்பியிலை நிமிசம் இருக்கு, கோல் இருக்கு, மஞ்சள் அட்டையும் இருக்கு. ஊசிக்கு ஒரு நிரல் இல்லையே — அம்மாளாச்சி, நான் என்ன செய்துபோட்டன்?

மார்ச் 23, திங்கள்

சமைத்தேன். உடுப்புத் தோய்த்தேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 24, செவ்வாய்

பூசாரி வீரபாகு அண்ணையிடம் போனேன். பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை, நேர்ந்த எண்ணிக்கையைக் குறைக்கலாமோ?”

“என்னட்டைக் கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவன் தங்கச்சி. எனக்குப் பொங்கல் நடந்தாச் சரி. அம்மாளட்டைக் கேள்.”

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

“பயிற்சியிலையும் ஆடுவினம்தானே? அதிலை ரெண்டைச் சேர்த்துவிடன். பந்து ஒண்டுதானே?”

“பயிற்சி ஆட்டம் நாட்டு ஆட்டமில்லை அண்ணை. அது கொப்பியிலை ஏறாது.”

“உன்ர கொப்பியைவிட அம்மாள் கொஞ்சம் இளகின மனம், பிள்ளை.”

சிரிப்பு வந்தது. ஆனாலும் இருபத்தெட்டை முப்பது என்று அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஏலாது. கடைசியாய் இப்படி வைத்துக்கொண்டேன்: ஆடின இருபத்தெட்டுக்கும் இருபத்தெட்டுச் செம்பு. ஆடாத இரண்டுக்கும் நான் கோயில் வீதியைச் சுற்றி இரண்டு தரம், அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு, அடியழிப்பேன். எண்ணிக்கையை வைத்தது நான், குறையும் என்னுடையதுதான். அவளின் காலில் அதைப் போடக்கூடாது.

“ஐம்பத்தெட்டு வயசிலை அடியழிக்கப் போறியோ? சுடுமணல் கண்டியோ,” என்றார்.

“ஓம், கண்டனான்,” என்றேன்.

ஏப்ரல் 1, புதன்

புதிய குழாம் வந்திருக்கிறது. பிரதாபன் போனில் காட்டினான். இருபத்து மூன்று பேரில் பதினான்கு பேர் இருபத்திரண்டு வயதுக்குக் கீழே. பழைய ஆட்கள் நாலு பேர். ரூபி அதில் இல்லை. கீழே “மேலதிக வீராங்கனைகள்” என்று மூன்று பெயர், மூன்றாவது அவள். பயிற்சி முகாமுக்கு வருகிறாளோ இல்லையோ என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேணுமாம். போனால் ஜூனில் இறங்கக் கிடைத்தாலும் கிடைக்கும்.

அவள் போவாள். நான் சொல்லாவிட்டால் போவாள்.

ஏப்ரல் 2, வியாழன்

நான் போன் எடுத்தேன்.

“ரூபி, நான் அம்மாளட்டைச் சொல்லிப்போட்டன். இருபத்தெட்டோடை நிப்பாட்டியாச்சு.”

“என்னம்மா சொல்லுறியள்? ரெண்டுதானே. நான் சமாளிப்பன்.”

“ஊசி போட்டோ?”

“பிரதாபன்ர வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும்,” என்றாள்.

“அவனைப் பேசாதை. கேட்டிருக்கவேண்டியது நான். எத்தினை நிமிசம் ஆடினனி எண்டுதான் ஒவ்வொரு முறையும் கேட்டனான். நோகுதோ எண்டு கேக்கேல்லை.”

பள்ளிக்கூட மணி அடித்தது கேட்டது.

“அப்ப நான் விடட்டோ அம்மா?”

“விடு, பிள்ளை.”

“நானே சொல்லிப்போட்டு வாறது நல்லம் என்னம்மா? பேர் இல்லாமல் போகமுந்தி.”

“ஓம்.”

இவர் வாசலில் மண்வெட்டியோடு நின்று கேட்டிருக்கிறார். “தண்ணி கட்டப் போறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது வயலில் பயிரே இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

சொல்லிவிட்டாளாம். பயிற்றுநர் நன்றி சொன்னாராம். நாலு நிமிடம் கதைத்தார்களாம்.

ஜூன் 1, திங்கள்

அம்மாள் கோயில் பொங்கல். இருபத்தெட்டுச் செம்பு. முன்னுக்கு ரூபி, கடைசியில் ராஜினி. நான் இரண்டு வீதி அடியழித்தேன். இரண்டாவதில் ரூபி ஒரு வாளி தண்ணீரோடு எனக்கு முன்னால் மணலை நனைத்துக்கொண்டு போனாள். குனிய முடியாதவள், நின்றபடியே ஊற்றினாள். மஞ்சள் துணியை வீரபாகு அண்ணை அவிழ்த்தார். காசு கறுத்திருந்தது.

ஜூன் 10, புதன்

இரண்டாவது ஆட்டமும் முடிந்தது. பார்த்தவர்கள்: நான், இவர். 0-1 தோல்வி. 17 இரண்டு ஆட்டத்திலும் முழு நேரம் ஆடினாள். கடைசி நிமிடத்தில் கோலுக்குள் போகவிருந்த பந்தைத் தலையால் வெளியே தட்டினாள். “நல்ல பிள்ளை,” என்று என் வாயில் வந்தது. இவர் திரும்பிப் பார்த்தார்.

ரூபியின் பக்கத்தில் கோடு இழுத்து 28 என்று எழுதி மூடினேன். அடுத்த பக்கம் எடுத்தேன். பிறகு ரூபிக்கு அனுப்பினது, அப்படியே இங்கே:

“ரூபி, கால் எப்படி? எண்ணெய் பூசுறியோ? பதினேழாம் இலக்கப் பிள்ளையின்ர முழுப் பேரும் பிறந்த திகதியும் எனக்கு வேணும், கொப்பியிலை பதிய. அவளுக்கு எங்கையும் நோகுதோ எண்டும் கேட்டு எழுது. கெதியாப் பதில் போடு.”