புள்ளிக்குப் பின்னால்

மார்ச் 4

கணக்குப்புலிக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அம்மாவிடம் கேட்டால் "அவ குளிக்கிறாப்பா" என்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாய்? அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கற்றைத் தாளை முன்னால் போட்டார். வேலை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கைப் பெயரை அழித்துக் கொடுத்து, குறை கண்டுபிடிக்கச் சொல்வது எங்கள் கம்பெனி வழக்கம். போன வாரம் உனக்குக் கொடுத்தது என்னுடையது. மாணவர் விடுதியின் மொட்டை மாடியில் பிற்பாடு வைத்த தண்ணீர்த் தொட்டிக்கு, அதைத் தாங்குகிற பீமுக்கு, நான் போட்ட கணக்கு. உனக்கு முன்னால் எத்தனையோ இன்ஜினியர்கள் அதைப் பார்த்து "சரியா இருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீ மட்டும் நாலு பக்கத்துக்குக் குறை எழுதிக் கிழித்திருக்கிறாய்.

தொட்டியைக் காலி செய்து பீமுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். உனக்கு வேலை! அந்த விளம்பரத்தை உனக்கு அனுப்பியவனே நான்தான். "கணிதப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம்" என்று போட்டிருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, கிண்டலுக்கு அனுப்பினேன்.

ஒரே கேள்வி. அது என் கணக்கு என்று தெரிந்துதான் எழுதினாயா?

உன் அண்ணன் (இப்போதைக்கு)

---

மார்ச் 9

இன்ஜினியர் துரை அவர்களுக்கு,

தெரியும். இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

நாம் ஒரே மேசையில் படித்தவர்கள். ஒவ்வொரு வரியிலும் புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவாய். "கடைசியில வெட்டுண்ணா" என்று நான் கத்துவேன். "போடி, புள்ளிக்குப் பின்னால என்ன புதையலா இருக்கு?" என்பாய். தனித்தனியாகப் பார்த்தால் எல்லா வரியும் சரி போலத்தான் இருக்கும். மற்றவர்கள் ஏமாந்தது அதனால்தான். படிக்குப் படி பாரத்தை வெட்டிக்கொண்டே போனால் தாளில் பாரம் குறையும், தொட்டியில் குறையுமா?

தேர்வு அறையில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். வேலையே வேண்டாம், எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அந்தத் தொட்டிக்கு நேர் கீழே பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள். அதனால் எழுதினேன்.

கிண்டலுக்கு அனுப்பினாயாமே! படித்து முடித்த நாளிலிருந்து எந்த நேர்காணலுக்குப் போனாலும் "கணக்கா? டியூஷன் எடுக்கலாமேம்மா" என்றுதான் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் நீ. சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இன்ஜினியரிங் படிச்சா கம்பெனி கூப்பிடும், கணக்கு படிச்சா பக்கத்து வீட்டுக் குழந்தைதான் கூப்பிடும்" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

ஆனாலும் நீ தெரிந்து செய்தவன் இல்லை. சின்ன வயதுப் பழக்கதோஷம், வேலையை விட்டு எடுக்காதீர்கள் என்று மேலாளருக்கு எழுதித் தரப்போகிறேன். உனக்காக அல்ல, அம்மாவுக்காக.

தங்கச்சி

---

மார்ச் 13

கணக்குப்புலிக்கு,

உன் சிபாரிசை நீயே வைத்துக்கொள். பழக்கதோஷமாம்! நேற்று முளைத்தவள் எனக்குச் சான்றிதழ் தருகிறாளா?

செய்வதென்றால் இதைச் செய். அந்தத் தாள்களை முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன் என்று எழுதிக் கொடு. உன் தேர்வு செல்லாமல் போகும், என் விஷயமும் அமுங்கிவிடும். வேலை இல்லாமல் இருப்பது உனக்குப் பழகிப்போன ஒன்று. எனக்கு அப்படியா? என் நாற்காலிக்கு ஆசைப்பட்டு இன்ஜினியர்கள் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். இந்தப் பழியோடு வெளியே வந்தால் எவன் என்னைக் கூப்பிடுவான்? நீ எழுதாவிட்டால் நானே போய்ச் சொல்வேன். உன்னை நம்புவார்களா, என்னையா என்று பார்ப்போம்.

அப்புறம், எனக்குக் கணக்குத் தெரியாது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காதே. நம் வீட்டு மாடி அறைக்குக் கணக்குப் போட்டது யார்? அப்பாவும் அம்மாவும் தூங்குகிற இடம் என்று ஒரு புள்ளியைக்கூட வெட்டாமல் கடைசி வரை போட்டேன். திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கம்பெனியில் இன்றைக்கே கொடு, நாளைக்கே கொடு என்று கழுத்தில் கத்தி வைக்கிறார்கள். எவன் வீட்டுக் கட்டிடத்துக்கோ அப்படி உட்கார்ந்துகொண்டிருக்க முடியுமா?

அண்ணன்

---

மார்ச் 17

அண்ணனுக்கு,

நீ கேட்டதை எழுதித் தர மாட்டேன். என் தேர்வு செல்லாமல் போனால் பீம் பலமாகிவிடுமா? போய்ச் சொல்வதென்றால் தாராளமாகச் சொல். கம்பெனிக் கணக்கை நீ வீட்டுக்கே கொண்டுவந்ததில்லை என்பது அப்பாவுக்கும் தெரியும்.

மேலாளருக்கு எழுதியதை உறையில் போட்டு ஒட்டியே வைத்திருந்தேன். "என் அண்ணனுக்கு இது தவறு என்றே தெரியாது" என்றுதான் ஆரம்பித்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எப்படி எழுதுவது? தெரியாது என்றல்லவா இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளையும் ராத்திரி எங்கோ ஓர் அம்மா நினைத்துக்கொண்டுதானே படுப்பாள்?

நாளை வேலையில் சேர்கிறேன். நீ போட்ட கணக்குகள் எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பதுதான் என் முதல் வேலை. நீ தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று மேலாளர் கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன். இனி எனக்கு எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

விடுதி விஷயம் அம்மா காதுக்கு எப்படியோ போய்விட்டது. நேற்று படுக்கப் போகும்போது மாடிப்படியிலேயே நின்றுவிட்டார்கள். "நம்ம மாடியும் அவன் போட்டதுதானே, பயமில்லையேடி?" என்று கேட்டார்கள்.

"பயப்படாம போய்ப் படும்மா" என்றேன். "நம்ம வீட்டுக்கு அண்ணன் ஒழுங்காத்தான் போட்டிருக்கான்."

தங்கச்சி