ஆஸ்பத்திரி ஜீப்புக்கு எந்த ஸ்பிரிங்

பிப்ரவரி 3, 1947. திங்கள்.

ஜீப் தூத்துக்குடியிலிருந்து திரும்பிவிட்டது. போகும்போது வண்டியாகப் போனது, மாடிவீடாக வந்து நிற்கிறது. தேரியின் செம்மணல் மேடுகளில் அடிப்பாகம் தட்டுகிறது, கொஞ்சம் உயர்த்திக்கொண்டு வாரும் என்றுதான் டிரைவர் வன்னியபெருமாளை அனுப்பினோம். மனிதர் லாரிக்குப் போடுகிற ஸ்பிரிங் பட்டைகளை மாட்டி ஒரு சாண் தூக்கிவிட்டார். “பர்மாவுல இந்த ஒசரத்துலதாம்மா ஆத்தையே தாண்டுனோம்” என்று மீசையைத் தடவுகிறார். பர்மா பட்டாளத்தில் இவர் பிள்ளைத்தாய்ச்சிகளையா ஏற்றினார்? நர்சு நான் ஏறுவதற்கே முக்காலி வேண்டியிருந்தது. புடவை வேறு கிழிந்தது.

போன நவம்பரில் பெரியதாழையிலிருந்து கட்டிலில் தூக்கி வந்த பெண் தேரி நடுவிலேயே இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா மிலிட்டரி ஏலத்தில் இந்த ஜீப்பை எடுத்தார். இதுவரை ஒருத்தியும் ஏறவில்லை. ஈஸ்டர் வரை பார்த்துவிட்டு விற்றுவிடலாம் என்கிறது ஆஸ்பத்திரிக் கமிட்டி. விற்றால் மறுபடி கட்டில்தான்.

பிப்ரவரி 4

முதுகு. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 8. சனி.

கெஞ்சிக் கூத்தாடி பெரியதாழையில் ஒருத்தியை ஏற்றினேன். முதல் மணல்மேடு தாண்டியதும் “என்னைய எறக்கி விடுங்கம்மா, நான் நடந்தே வாரேன்” என்று அழுதாள். இறங்கி நடந்தாள். நானும் கூட நடந்தேன். ஜீப் எங்களுக்குப் பின்னால் பூனை மாதிரி வந்தது. அவளுக்குச் சுகப்பிரசவம், அது வேறு விஷயம். ஊரெல்லாம் இப்போது ஆஸ்பத்திரி வண்டியில் போனால் நடக்க வேண்டும் என்று பேச்சு.

பிப்ரவரி 12

தூத்துக்குடிக்கு நானே போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஃபிட்டர் செபாஸ்டின் கொட்டகை. “அண்ணாச்சிதாம்மா குண்டு ஏத்துத வண்டி மாதிரி வேணும்னாரு” என்று அவன் டிரைவரைக் காட்ட, “ஏலே, நான் எப்ப சொன்னேன்?” என்று இவர் பாய, பாதிப் பொழுது அதிலேயே போய்விட்டது. கடைசியில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன். லாரிப் பட்டையைக் கழற்று. இருப்பதிலேயே மெல்லிய பட்டையாக நான்கைந்து போடு. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகுகிறதா, அதையும் கழற்றி எறி. மெத்தை மாதிரி இருக்க வேண்டும். எவ்வளவு சுலபமான காரியம், இதற்கு இத்தனை ஆண்கள்!

பிப்ரவரி 15

மெத்தையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி அடுத்த பர்லாங் வரை ஆடிக்கொண்டே போகிறது. நடுக்கடலில் வள்ளத்தில் இருந்ததுபோல இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். பிறகு அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டது. பனையேறிகள் வந்து தள்ளினார்கள். வன்னியபெருமாள் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 19

மறுபடி செபாஸ்டின். “ஸ்பிரிங் துள்ளத்தாம்மா செய்யும். துள்ளாதலேன்னு அதட்டுததுதான் ஷாக் அப்சார்பர். அதைக் கழட்டச் சொன்னது நீங்கதான.” ஆமாம், நான்தான். இவன் அன்றைக்கே சொன்னால் என்ன? சொன்னால் நான் கேட்டிருக்க மாட்டேனாம்! நீளமான மெல்லிய பட்டைகளை நன்றாக வளைத்து, எண்ணிக்கையைக் கூட்டி அடுக்கினால் உயரமும் வரும், மென்மையும் வரும் என்கிறான். நல்ல ஷாக் அப்சார்பர் நான்கு தேட வேண்டும். மூன்று வாரம் ஆகும். அதுவரை லாரிப் பட்டையே.

பிப்ரவரி 25

பிள்ளைத்தாய்ச்சிக்கு எங்கே வலிக்கும் என்று தெரியாமல் எப்படி ஸ்பிரிங் செய்வது? வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு ஜீப்பின் பின்னால் படுத்து தேரியில் ஒரு சுற்று வந்தேன். தலைமாட்டில்தான் உதை அதிகம், எழுதி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தினார். “கிளாடிஸ், மனசுல ஏதாவது பாரம் இருந்தா என்கிட்ட சொல்லு” என்றார். முதலில் புரியவில்லை. கல்யாணமாகாத நர்சு பெரிய வயிற்றோடு ஜீப்பில் போனதைப் பனையேறிகள் பார்த்திருக்கிறார்கள். ஓடிப்போய்த் தலையணையைக் கொண்டுவந்து காட்டினேன். கர்த்தாவே, இதற்காகவா நான் நர்சுக்குப் படித்தேன்?

மார்ச் 5. புதன்.



பெரியதாழை பிளாரன்ஸுக்கு நேற்றிலிருந்து வலி வந்து வந்து நின்றுபோகிறது. ஊர் மருத்துவச்சி செல்லத்தாயே ஆள் அனுப்பிவிட்டாள். அவள் எங்களைக் கூப்பிடுகிறாள் என்றால் நிலைமை என்ன என்று எனக்குத் தெரியும். லாரிப் பட்டை. ஷாக் அப்சார்பர் இல்லை. வேறு வழி? ஏற்றினோம். மெதுவா, மெதுவா என்று நான் கத்த, “மெதுவாப் போனா மணல்ல நின்னுரும்மா” என்று வன்னியபெருமாள் கத்த, ஒவ்வொரு மேட்டுக்கும் பிளாரன்ஸ் மாதாவைக் கூப்பிட்டாள். அந்த நவம்பர்ப் பெண் முகமே கண்ணுக்குள் நின்றது. பயந்துபோனேன். ஆமாம், நர்சுதான், பயந்துதான் போனேன்.

பாதித் தேரியில் தலை தெரிந்தது. வண்டியை நிறுத்தி அங்கேயே பிரசவம் பார்த்தேன். ஆண் பிள்ளை. தாயும் சுகம். வன்னியபெருமாள் பனைமரத்துக்கு அந்தப்பக்கம் திரும்பி நின்று அழுதிருக்கிறார். கண்ணில் மணல் விழுந்துவிட்டதாம்.

மார்ச் 12

புதுப் பட்டை! புது ஷாக் அப்சார்பர்! முழு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு தேரி முழுவதும் போய்வந்தேன். மடியில் நாலு சொட்டுத்தான். உயரமும் குறையவில்லை. செபாஸ்டினைப் பாராட்டினேன். வன்னியபெருமாளையும், வேண்டாவெறுப்பாக.

மார்ச் 20

நம்ப முடியவில்லை. பெரியதாழையில் மாதம் நிறைந்த மூன்று பெண்கள் தயாராக நிற்கிறார்கள், கூடவே செல்லத்தாய். நல்ல ஸ்பிரிங் போட்ட சேதி எப்படியோ போய்விட்டது என்று பூரித்துப்போய் ஏற்றினேன். பாதி வழியில் செல்லத்தாய் முகம் கறுத்தது.

“என்ன நர்சம்மா, வண்டி குலுக்கவே மாட்டேங்கு?”

“நல்லதுதானே.”

“என்ன நல்லது? பிளாரன்ஸுக்கு அந்தக் குலுக்குலதான பிள்ளை சட்டுனு எறங்குச்சு! அந்த வண்டின்னு சொல்லித்தான் இவளுவளைக் கூட்டியாந்தேன். ஏளா, எறங்குங்க, இது வேற வண்டி!”

குலுக்கினால் பிள்ளை பிறக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். கேட்பாரில்லை. ஒருத்தி காலைக் கீழே வைத்தேவிட்டாள். ஒன்றரை மாதம் பட்ட பாடு! தேரி நடுவில் உட்கார்ந்து அழலாம்போல இருந்தது. “அந்த வண்டிதான், ஆஸ்பத்திரிப் பக்கம் போனதும் குலுக்கும்” என்று சொல்லிவிட்டேன். பொய். கர்த்தர் மன்னிக்கட்டும்.

வன்னியபெருமாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதில் ஏற்றி இறக்கினார். மூன்று பேரும் “யம்மா” என்றார்கள்.

“இப்ப சரி” என்றாள் செல்லத்தாய்.

ஏப்ரல் 7. ஈஸ்டர் திங்கள்.

கமிட்டி கூடியது. விற்கிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பிரசவ வார்டில் கட்டில் போதவில்லை, வராந்தாவிலும் போட்டிருக்கிறோம். கட்டிலில் தூக்கிக்கொண்டு ஒரு மாதமாக ஒருவரும் வரவில்லை.

வாசல் மேட்டைத் தட்டிச் சமமாக்கிவிடவா என்று தோட்டக்காரர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.