மாமன் மடி

வேங்கிக்கால்,
14-8-1962

அன்புள்ள அண்ணனுக்கு ஆதிலட்சுமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அவரும் குழந்தைகள் மூன்று பேரும் அண்ணாமலையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் ராஜம்மாள் அண்ணியும் குழந்தையும் சுகமென்று ஒரு கார்டு போட்டால் உன் கை தேய்ந்துவிடாது. கோலார் சுரங்கத்துக்குள் தபால்பெட்டி இல்லை என்று மட்டும் சொல்லாதே.

கொல்லையில் இரண்டு ஏக்கர் மல்லாட்டையும் நன்றாக முளைத்திருக்கிறது. களைக்கு ஆள் கிடைக்கவில்லை. நானும் வள்ளியும்தான் எடுக்கிறோம். ஏழு வயசுக்கு அவள் வேகம் ஜாஸ்தி, பாதிச் செடியையும் சேர்த்துப் பிடுங்குகிறாள். எருமை கிடாரிக் கன்று போட்டது. தம்பியைப் பார்த்துக்கொள்வது சின்னவள் திரௌபதியின் வேலை. அவள் அவனைப் பார்த்துக்கொள்கிறாளா, அவன் அவளைப் பார்த்துக்கொள்கிறானா என்று எனக்கே தெரியவில்லை.

உன் மருமகன் தருமனுக்கு வரும் ஐப்பசியோடு மூன்று வயது நிறைகிறது. முதல் பையன் எட்டு மாதத்தில் போன பிறகு இவன் பிறந்தபோது, இவன் தங்கினால் மூன்றாம் வயதில் சந்நிதியில் முடி இறக்கிக் காது குத்துகிறேன், அதுவரை இவன் உடம்பில் கத்தியோ ஊசியோ படாது என்று அவர் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். இப்போது முடி தோளுக்குக் கீழே தொங்குகிறது. அக்காக்கள் இரண்டு பேரும் பின்னிப் பூ வைத்துவிடுகிறார்கள். சந்தையில் ஒருத்தி இவனை மூன்றாவது பெண்ணா என்று கேட்டுவிட்டாள். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

போன வாரம் அம்மை குத்துகிறவர் குடையும் டப்பாவுமாக வந்தார். பெண்கள் இருவருக்கும் குத்தினார். கை வீங்கிக் காய்ச்சல் வந்து இப்போது ஆறிவிட்டது. தருமன் உடம்பில்தான் ஊசி படக்கூடாதே. ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் கொடுத்து நெல் குதிருக்குள் உட்கார வைத்துவிட்டேன். குத்துகிறவர் போகிறவரை சத்தமே போடவில்லை. கெட்டிக்காரன்.

கார்த்திகையில் காதுகுத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார் உன் மச்சான். மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும், அவனுக்கு இருக்கிறது நீ ஒரே மாமன். பழசை மறந்துவிட்டு வா, அண்ணா.

உன் தங்கை,
ஆதி

*

சாம்பியன் ரீப்,
கோலார் தங்கவயல்,
2-9-1962

அன்புத் தங்கை ஆதிக்கு அண்ணன் சகாதேவன் ஆசீர்வதித்து எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மருமகன் பூ வைத்துக்கொள்கிற சங்கதியை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உன்மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஆனால் பழசை மறந்துவிடு என்று சுலபமாக எழுதிவிட்டாய். திரௌபதி காதுகுத்தில் நடந்ததை நீ அடுப்படியில் இருந்ததால் பார்க்கவில்லை. குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு முதல் பந்தியில் போய் உட்கார்ந்தேன். இலையில் உப்பும் வைத்தாகிவிட்டது. அப்போது உங்கள் பங்காளி சின்னசாமி வந்து, "இது எங்க பெரியவங்க ஒக்கார்ற எடம், எழுந்துருப்பா" என்கிறார். மச்சான் வாளியைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நிற்கிறார். "அடுத்த பந்தியில உக்காருங்க மச்சான்" என்கிறார். சீர் கொண்டுவந்த மாமனை இலையிலிருந்து எழுப்புகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? கை நனைக்காமல் ரயிலேறினேன். அன்று காட்பாடி வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன், தெரியுமா.

மச்சான் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கட்டும். அவ்வளவு தூரம் வர முடியாவிட்டால் தன் கையால் ஒரு வரி எழுதட்டும். அடுத்த ரயிலில் நான் அங்கே இருப்பேன்.

வள்ளியைக் களை எடுக்க வெயிலில் விடாதே.

உன் அண்ணன்,
சகாதேவன்

*

வேங்கிக்கால்,
11-10-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். காட்டாமலே இருந்திருக்கலாம். "நான் போயி வெத்தல பாக்கு வெச்சி அழைக்கறதுக்கு உங்க அண்ணன் இன்னா ஜமீன்தாரா? மருமவன் மேல ஆச இருந்தா தானா வரட்டும். எல போட்ட எடத்துல எழுந்து போயி நாலு பேரு முன்னாடி என்னத் தலகுனிய வெச்சது யாரு?" என்றார். ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவையும் கார்டையும் பக்கத்தில் வைத்தேன். கார்டு இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் திரௌபதி அதில் கோழி படம் போட்டுவிட்டாள்.

வேறு யாராவது மடியில் வைத்துக் குத்திவிடலாமா என்று கோயில் குருக்கள் வீட்டில் கேட்டேன். கூடப்பிறந்த மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு மடி சரியில்லை, குழந்தைக்கு ஆகாது என்றார்கள். அதற்குப் பிறகு எனக்கும் தைரியம் வரவில்லை.

நீ அவருக்கு எழுதிவிடேன். பெரியவன் நீதான். இரண்டு பேரில் ஒருத்தர் இறங்கினால் போதும். யார் இறங்கினால் என்ன, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

தருமனுக்குத் தலையெல்லாம் வியர்க்குரு. முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எருமைக்கன்றோடு கன்றாகக் கிணற்றடியில் கிடக்கிறான். "மாமா எப்ப வருவாரு, நான் எப்ப மொட்ட போட்டுக்குவேன்?" என்று தினம் கேட்கிறான். நான் என்ன பதில் சொல்ல?

உன் தங்கை,
ஆதி

*

வேங்கிக்கால்,
20-12-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபம் முடிந்துவிட்டது. மலைமேல் எரிந்த தீபத்தை வாசலிலிருந்தே குழந்தைகளுக்குக் காட்டினேன். முடி இறக்கவில்லை. நீ வருவாய் என்று கடைசி நாள் வரை ஸ்டேஷனிலிருந்து வந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயால் சொல்லவில்லை, அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதைவிட வேறு பயம் வந்திருக்கிறது. தீபக் கூட்டம் கலைந்த பிறகு டவுனில் அம்மை கண்டிருக்கிறது. எங்கள் ஏரிக்கரைத் தெருவிலும் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். நேற்று அம்மை குத்துகிறவர் மறுபடி வந்தார். உன் மச்சான் கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டை மூட்டையோடு போயிருந்தார். நான் தருமனைக் குதிருக்குள் இறக்கிவிட்டேன். "பையன் எங்கம்மா? போன தடவயும் இல்லன்னியே. ஒரு நிமிஷ வேல, கையக் காட்டச் சொல்லு" என்றார். "அவன் கோலாருல மாமன் வூட்டுக்குப் போயிருக்கான்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை நின்றேன். கூப்பிடலாமா என்று இரண்டு தடவை வாய் வரை வந்தது. முதல் பையன் ஞாபகம் வந்துவிட்டது. வேண்டுதலை மீறி ஏதாவது ஆகிவிட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்?

அண்ணா, முடி இறக்கிவிட்டால் அன்றைக்கே அவனுக்குக் குத்திவிடலாம். எல்லாம் உன் வரவில் நிற்கிறது. பொங்கலுக்காவது வந்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஆதி

*

கோலார் தங்கவயல்,
4-1-1963

அன்புத் தங்கைக்கு,

கடிதம் பார்த்து அண்ணியும் நானும் கலங்கிப்போனோம். இங்கே சுரங்கத்துக்காரர் குடும்பம் எல்லோருக்கும் குத்திவிட்டார்கள். என் பெண்ணுக்கும் ஆயிற்று. சாமி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் அது உங்கள் வீட்டு வேண்டுதல். நான் ஏதாவது சொல்லி, அதற்கு மச்சான் ஏதாவது சொல்லி, அது வேறு ஒரு வம்பாக வேண்டாம்.

சீனச் சண்டை சமயமாதலால் லீவு கிடைப்பது கஷ்டம். மாசி மாதத்தில் பத்து நாள் தருகிறார்கள். வருவதற்கு நான் தயார்தான். இப்போது வெற்றிலை பாக்குகூட வேண்டாம், மச்சான் ஒரு வரி எழுதினால் போதும். 'வாங்க' என்று ஒரு வார்த்தை. அதுகூட இல்லாமல் வந்து நின்றால், இலையிலிருந்து எழுப்பினாலும் தானாக வருகிறவன் என்று உங்கள் பங்காளிகள் பேசமாட்டார்களா? என் நிலைமையையும் நீ கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குழந்தைகளை வெளியே விடாதே. வெந்நீர் கொடு.

அண்ணன்,
சகாதேவன்

*

வேங்கிக்கால்,
27-2-1963

அண்ணனுக்கு,

தருமன் இல்லை.

தை அமாவாசைக்கு மறுநாள் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் முகத்தில் முத்து போட்டது. வேப்பிலை கட்டினோம். வீட்டில் மாரியம்மா இருக்கும்போது ஒரு துரும்பும் வெளியே போகக்கூடாது என்றார்கள், அதனால் உனக்கு எழுதவில்லை. உள்ளங்கால் வரைக்கும் போட்டிருந்தது. வாய்க்குள்ளும் போட்டதால் இளநீர் இறங்கவில்லை. வலிக்கிறது என்று அழுவதற்கும் தொண்டை இல்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தான். பதினோராம் நாள் விடியற்காலையில் பிடி விட்டுப்போயிற்று.

அவனோடு ஒரே பாயில் படுத்த வள்ளிக்கும் திரௌபதிக்கும் ஒரு முத்துகூடப் போடவில்லை. அவர்கள் கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

முடி சிக்குப்பிடித்துக் கிடந்தது. குழிக்குக் கொண்டுபோகும் முன் ஒரு தடவை சீவிவிடுகிறேன் என்று கேட்டேன். அம்மா இறங்கிய உடம்பில் சீப்பு படக்கூடாது என்று விடவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் கொல்லைப் பக்கமே போவதில்லை. எருமையை நான்தான் பார்க்கிறேன். திரௌபதி இன்னும் தம்பிக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறாள்.

ஆதி

*

கோலார் தங்கவயல்,
24-3-1963

அன்புத் தங்கை ஆதிக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். துக்கத்துக்கு வந்த இடத்தில் நான்கு நாள் தங்கியும் நீ என்னோடு நாலு வார்த்தை பேசவில்லை. பெற்ற வயிறு, எனக்குப் புரிகிறது. ஆறுவதற்கு நாளாகும்.

மச்சானைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு. வாசலில் என்னைப் பார்த்ததும் தோளில் சாய்ந்து குழந்தைபோல அழுதுவிட்டார். அன்று தானே இலை போட்டு, "மச்சான் நீங்க மொதல்ல ஒக்காருங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, தானே பரிமாறினார். நானும் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். மூன்று வருஷத்துக் கசப்பு அந்த ஒரு வேளையில் போய்விட்டது. ராத்திரியெல்லாம் மனம்விட்டுப் பேசினோம். சித்திரையில் இங்கே வந்து ஒரு வாரம் இருக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று கைமேல் அடித்துச் சொன்னார்.

குழந்தை போகும்போது எங்களைச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அண்ணியிடம் சொன்னேன். நீயும் அப்படி நினைத்து மனதைத் தேற்றிக்கொள். உனக்கு என்ன வயதாகிவிட்டது, இருபத்தேழு. அண்ணாமலையார் இன்னொரு பிள்ளை கொடுப்பார். அவனுக்கு யாரும் அழைக்காமலே நான் வந்து நிற்பேன்.

அன்புள்ள அண்ணன்,
சகாதேவன்

*

வேங்கிக்கால்,
2-4-1963

அண்ணன் சகாதேவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அவரும் படித்தார். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சித்திரைக்குக் கட்டாயம் வருவார்.

நீங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டதை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோற்றை வடித்தவள் நான்தான். அழுதது பொய் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேரும் நிஜமாகத்தான் அழுதீர்கள். ஆறு மாதமாக ஒரு வரி, ஒரு வார்த்தை என்று இரண்டு பக்கமும் கெஞ்சினேன். அப்போது அவருக்குக் கை வரவில்லை, உங்களுக்குக் கால் வரவில்லை. குழிமேல் மண் போட்ட பிறகு இரண்டும் வந்துவிட்டது.

உங்கள் இரண்டு பேரையும் மட்டும் சொல்லவில்லை. அம்மை குத்துகிறவர் மறுபடி வந்த அன்றைக்கு அவர் வீட்டில் இல்லை. நான் பிள்ளையை வெளியே தூக்கி அவன் கையை நீட்டியிருந்தால், சாயங்காலம் அவர் என்னை அடித்திருப்பார். அடித்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. அது என்னுடையது, அதை நான்தான் சுமக்க வேண்டும். யாரிடமும் இறக்கி வைக்கப் போவதில்லை.

ஆனால் அவன் உங்களைச் சேர்த்து வைப்பதற்காகப் போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் எதற்காகவும் போகவில்லை. மூன்று வயதுப் பிள்ளை, இருக்கத்தான் ஆசைப்பட்டான். அந்த வரியை என்னால் மறக்க முடியாது.

எனக்கு இன்னொரு பிள்ளை பிறந்தால் பிறந்த மாதமே கையை நீட்டிக் குத்திக்கொள்ளச் சொல்வேன். அதற்கு முடி இறக்குவதும் இல்லை, காது குத்துவதும் இல்லை. இதை அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவரோடு இந்த வீட்டில் நான் இருந்தாக வேண்டும். சோறு போட்டாக வேண்டும், கொல்லையில் கூட நின்று களை எடுத்தாக வேண்டும். இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். உங்களோடு இருந்தாக வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. உங்களை மட்டும்தான் என்னால் விட முடியும், அதனால் உங்களை விடுகிறேன். நியாயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இனிமேல் கடிதம் எழுதினால் இராமலிங்கம் என்று அவர் பெயருக்கே எழுதுங்கள். என் பெயருக்கு வந்தால் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஆதிலட்சுமி