சித்தப்பாவின் ஊசி

சோரியாங்குப்பம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷார்ஜா திரும்பும் கனகராஜ் மாமாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

கரும்பு வெட்டு முடிந்துவிட்டது.

அப்பா தூங்குகிறார் என்று அம்மா தினமும் உன்னிடம் சொல்வது பொய். அவருக்குப் பேச்சு வரவில்லை. ஒரு நாள் காலை மோட்டார் கொட்டகையில் அவருடைய வாய் கோணியது, வலது கை தொங்கியது. இது பக்கவாதம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன்.

"உனக்கு இன்னாடி தெரியும்? வாய் நேராவற வரைக்கும் ஆளை அசைக்கக் கூடாதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல வந்திருக்குது. படிச்சவன் பொய்யா அனுப்புவான்?" என்று சித்தப்பா பத்து விரலிலும் தையல் ஊசியால் குத்தினார். பிறகு காது மடலிலும் குத்தினார். வெயில் ஏறும்வரை எல்லோரும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சீக்கிரம் கூட்டிட்டு வந்திருந்தா அடைப்பைக் கரைக்க மருந்து போட்டிருக்கலாம். ஊசி குத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, நீ அனுப்பியிருந்த அந்த மெசேஜை அழித்தாள். "அவன் நல்லதுக்குத்தான் அனுப்பினான். தெரிஞ்சா அங்க சோறு எறங்காது அவனுக்கு" என்றாள்.

நானும் எழுதாமல் இருந்திருப்பேன். ஆனால் சித்தப்பா, குத்தியதால்தான் உயிர் தங்கியது என்று தெருவெல்லாம் சொல்கிறார். சட்டைப்பையில் ஊசியோடு திரிகிறார். நான் சொன்னால் சிரிக்கிறார்கள். அதே குரூப்பில் நீ எழுது அண்ணா: குத்தாதீர்கள், காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

எழுதிவிட்டுப் போன் செய். அப்பாவின் காதில் வைக்கிறேன். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது.

உன் தங்கை