சட்டைப்பையில் உப்புப் பொட்டலம்

பாய், இன்று காலை சோறு எடுத்துப்போகும் தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்க்கும்போது ஜன்னல் வழியாக மாம்பூ வாடை அடித்தது. முதலமடைத் தோப்புகளில் இந்த வாடை வந்தாலே கொல்லங்கோட்டிலிருந்து உங்கள் வண்டியும் வந்துவிடும். தோப்புக்காரன் நானும் மாங்காய் வியாபாரி நீங்களும் இத்தனை வருடம் சண்டை போடாமலா இருந்தோம்? போட்டோம், அதனால்தான் கூட இருந்தோம்.

என் வீட்டுக்காரி இறந்தபோது ஊர் முறைப்படி அடுப்பு மூட்டவில்லை. பங்காளி வீட்டுச் சோறு வந்தது. கருமாதி முடிந்ததும் பந்தலைப் பிரித்தார்கள், சொந்தமும் கலைந்தது. நான் பேச்சையே விட்டிருந்தேன். தேற்றியவர்களுக்கும் திட்டியவர்களுக்கும் தலையாட்டுவதோடு சரி, அழவும் இல்லை. இந்த ஆள் இனித் தேற மாட்டான் என்று ஊரே முடிவுகட்டியது.

எல்லோரும் போன பிறகுதான் நீங்கள் தூக்குப்போசியோடு வரத் தொடங்கினீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. சோற்றைப் போட்டு, எதிரில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுவீர்கள். பருப்பில் உப்பே இருக்காது. மறுநாளும் அதே கதை. நீங்களோ கல்யாண வீட்டுப் பிரியாணியைப் போல ரசித்து மெல்லுவீர்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, உங்கூட்ல உப்புக்குப் பஞ்சமா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நீங்கள் சட்டைப்பையிலிருந்து ஓர் உப்புப் பொட்டலத்தை எடுத்துத் தட்டோரம் வைத்தீர்கள். எத்தனை நாள் அதைச் சுமந்து வந்தீர்களோ! அவள் எப்போதும் உப்பைக் கூடப் போடுவாள், அதற்காக அவளை வைதிருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கி, முடிக்காமல் உடைந்து அழுதேன். நீங்கள் தடுக்கவில்லை.

உங்கள் வீட்டு அக்கா பிறகு சொன்னார். "உப்புப் போடாதேன்னு அவருதானுங்க சொன்னாரு. அழுங்கன்னா நீங்க அழுக மாட்டீங்களாம், கொற சொல்ல உட்டாத்தான் வாயத் தொறப்பீங்களாம்." காம்பைப் பார்த்தே காய் எப்போது பழுக்கும் என்று சொல்கிற ஆள், என்னையும் அப்படித்தான் கணித்திருக்கிறார் என்று மலைத்துப்போனேன்.

இப்போது நீங்களும் போய்விட்டீர்கள். உங்கள் மகன் மண்டிக்குப் போவதில்லை, அம்மாவிடம்கூடப் பேசுவதில்லை. அக்கா ஆள்விட்டு என்னை வரச் சொன்னார். நேற்று உப்பில்லாமல் சமைத்து எடுத்துப் போனேன். அவன் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். உப்பில்லை என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். எழுந்து போகவும் மனமில்லாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது அவனே கேட்டான்.

"மாமா, அத்தா உங்ககிட்ட கடைசியா என்னங்க பேசுனாரு?"

விலையைக் குறைக்கச் சொல்லி என்னோடு மல்லுக்கு நின்றார் என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. அதோடு எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

வீடு திரும்பும்போதுதான் புரிந்தது. உப்பில்லாச் சோறு பலிக்கும் என்று நீங்கள் கணித்து வரவில்லை. நான் வாய் திறப்பேனா மாட்டேனா என்று தெரியாமலேதான் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போயிருக்கிறீர்கள். தெரியாமலேதான் மறுநாளும் வந்திருக்கிறீர்கள். முன்பு மலைத்ததெல்லாம் ஒன்றுமேயில்லை பாய், இதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

இன்று அவன் பேசுவானா என்று எனக்குத் தெரியாது. கிளம்பிவிட்டேன். நாளைக்கும் போவேன்.